பி.சி.ஜி. போட்ட எலி பங்கசுக்கு ஏன் தாக்குப்பிடிக்குது? (வியாழன் செமினார், உதவுங்கோ)

மதுவக்குட்டி | திங்கள், இரவு 10.42

வணக்கம். நான் கொழும்பில மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் படிக்கிறன். வாற வியாழன் எனக்கு செமினார். மேடம் தந்த தலைப்பு: பற்றீரியாத் தடுப்பூசி ஏத்தின சுண்டெலிகள் பங்கசுத் தொற்றை எப்பிடி எதிர்க்குது. இருபது நிமிசம் கதைக்க வேணும், பிறகு கேள்வி.

ஏ.எல்.லில தமிழ் மீடியத்தில என்ன படிச்சம்? ஒரு கிருமி வந்தா அதுக்கெண்டே அளந்து தைச்ச மாதிரி பிறபொருளெதிரி வரும், அது வேற கிருமிக்குச் சரிவராது. பி.சி.ஜி. கசநோய்க்கு. கன்டிடா ஒரு மதுவம், பங்கசில ஒரு வகை. கரு இருக்கா இல்லையா எண்டதிலயே பற்றீரியாவும் மதுவமும் வேற வேற. பார்க்கப்போனா மதுவம் எங்களுக்குத்தான் கிட்டின சொந்தம். அப்ப கசநோய் ஊசி போட்ட எலி கன்டிடாவில சாகாமல் தப்புறது எப்பிடி? மேடத்திட்டக் கேட்டன். "1950களில இருந்து வாசிச்சுக்கொண்டு வாரும்" எண்டா. அவ்வளவுதான்.

பழைய மைக்ரோஸ்கோப் | திங்கள், இரவு 11.35

தங்கச்சி, மேடம் சரியான இடத்தைத்தான் காட்டியிருக்கிறா. நான் ஓய்வுபெற்ற எம்.எல்.ரி. (மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்). பங்கசுத் தட்டுகளோட ஆயுசில பாதி போச்சு.

1950களில நியூயோர்க் ரொக்பெல்லர் நிறுவனத்தில ரெனே டுபோவும் ரசல் ஷேட்லரும் எலிகளுக்குக் கசநோய்க் குடும்பக் கிருமிகளின்ர கலப் பகுதிகளை ஏத்திப்போட்டு, சம்பந்தமே இல்லாத கிருமிகளைக் குடுத்துப் பார்த்தவை. எலியின்ர எதிர்ப்பு மாறினது. 1960களில ஜோர்ஜ் மக்கனெஸ் இதைப் பிடிச்சுக்கொண்டு போனார். அவர் காட்டினது: பி.சி.ஜி. உடம்பில வேலை செய்துகொண்டிருக்கேக்க எலியின்ர பெருந்தின்குழியங்கள் (கிருமியை விழுங்குற வெள்ளைக் கலங்கள்) உசாராகும், உசாரானதுகள் லிஸ்டீரியா எண்ட வேற பற்றீரியாவையும் சேர்த்துத்தான் விழுங்கும்.

கொழும்பு ஆளுக்கு இதை விளங்கப்படுத்துறது லேசு. யுத்த நேரம் புறக்கோட்டையில ஏதும் நடந்தா அண்டைக்கு இரவு வெள்ளவத்தையில என்ன நடக்கும்? காலி வீதியில போற எல்லாரையும் மறிச்சு அடையாள அட்டை கேட்பாங்கள். தேடுறது ஒருத்தனை, மறிக்கிறது ஊரை. பெருந்தின்குழியமும் அப்பிடித்தான். உசுப்பினது பி.சி.ஜி., மாட்டுப்படுறது கன்டிடா.

கன்டிடாவில நேரடியா வேணுமெண்டா 1975இல வந்த வேலையைத் தேடும். நிர்ப்பீடனத்தை (நோயெதிர்ப்பை) மருந்தால அடக்கின எலிகளில பி.சி.ஜி.யும், கொரினிபக்டீரியம் பார்வம் எண்ட இன்னொரு பற்றீரியாவும் குடுத்துப் பார்த்தவை. ஸ்டபிலோகொக்கசு எண்ட பற்றீரியா, கன்டிடா ரெண்டிலயும் சாவு குறைஞ்சுது. "பற்றீரியாத் தடுப்பூசி" எண்ட சொல்லை பி.சி.ஜி.யோட மட்டும் நிப்பாட்டிப் போடாதேயும்.

வெள்ளவத்தைக் கடற்காத்து | செவ்வாய், காலை 6.50

அங்கிள், உதாரணம் நல்லாத்தான் இருக்கு, ஆனா முழுசாச் சொல்லேல்ல. அந்த இரவில ஒண்டுந் தெரியாதவனும் அடி வாங்கினவன். எலி உடம்பில அந்த அடி ஆருக்கு விழுது?

இன்னொண்டு. இந்த நாட்டில பிறந்த எல்லாருக்கும் ஆஸ்பத்திரியால வீட்ட வர முன்னமே பி.சி.ஜி. போட்டாச்சு. எனக்குந்தான். பிறகேன் ஒவ்வொரு மழைக்கும் என்ர கால்விரல் இடுக்கில சேத்துப்புண்? எலிக்கு ஒரு நியாயம் எனக்கு ஒரு நியாயமா?

பழைய மைக்ரோஸ்கோப் | செவ்வாய், காலை 8.05

தம்பி, காலைத் துடைச்சுப்போட்டு சப்பாத்தைப் போடும்.

சேத்துப்புண் பங்கசு இருக்கிறது செத்த தோலில, கெரற்றின் தின்னுறது. அங்க குருதி ஓட்டமும் இல்லை, பெருந்தின்குழியம் போகிறதும் இல்லை. எலிப் பரிசோதனையில கன்டிடாவை வால் நாளத்தில ஏத்தி நேர குருதிக்குள்ள விடுறது. ரெண்டும் ரெண்டு நோய்.

அடி ஆருக்கு விழுது எண்டது நல்ல கேள்வி. அதே 1975இலதான் ரி.என்.எஃப். எண்ட, அழற்சியைக் கிளப்புற பொருளைக் கண்டுபிடிச்சவை. எப்பிடி? பி.சி.ஜி. ஏத்தின எலிக்கு, பற்றீரியாச் சுவரில இருக்கிற என்டொரொக்சின் எண்ட நஞ்சைக் குடுத்து, அந்த எலியின்ர சீரத்தில. பி.சி.ஜி. இல்லாத எலி தாங்கிற அளவு என்டொரொக்சின், பி.சி.ஜி. எலியைச் சாகடிச்சுப்போடும். கன்டிடாவுக்குக் கெட்டியான அதே எலி வேற பக்கத்தால நொய்ஞ்சு போயிருக்கு. செமினாரில இதைச் சொல்லாமல் விட்டா கதை பாதிதான்.

என்புமச்சை | செவ்வாய், மாலை 5.20

நான் நிர்ப்பீடனவியலில் மேற்படிப்புச் செய்கிறேன். அங்கிள் சொன்ன பழைய விளக்கத்தில் ஒரு ஓட்டை இருந்தது. பெருந்தின்குழியத்தை உசுப்புவது ரி கலம் (குறித்த கிருமியை அடையாளம் காணும் வெள்ளைக் கலம்) என்றுதான் பல காலம் நம்பினார்கள். ரி கலம் பி.சி.ஜி.யை அடையாளம் கண்டு காமா இன்டர்பெரோன் என்ற சைகைப் புரதத்தை விடும், அதில் பெருந்தின்குழியம் விழிக்கும். அப்படியானால் ரி கலம் இல்லாத எலிக்கு பி.சி.ஜி. ஒன்றும் செய்யக் கூடாது.

2012இல் நெதர்லாந்தின் நைமெகன் குழு இதைத்தான் சோதித்தது. ரி கலமும் இல்லை, பிறபொருளெதிரி செய்யும் பி கலமும் இல்லை என்று பிறக்கும் ஸ்கிட் எலி. அதற்கு பி.சி.ஜி. கொடுத்து, பிறகு உயிர் போகும் அளவு கன்டிடா. பி.சி.ஜி. பெற்றவை கூடத் தப்பின. சிறுநீரகத்தில் பங்கசும் குறைவு. பழைய விளக்கத்துக்கு அதோடு அடி விழுந்தது. (பிழை என்று சொல்லமாட்டேன், சாதாரண எலியில் ரி கலத்தின் பங்கும் உண்டு. ஆனால் அது இல்லாமலும் காரியம் நடக்கிறது.)

அதே ஆய்வில் மனிதரையும் பார்த்தார்கள். பி.சி.ஜி. போட்ட தொண்டர்களின் குருதியிலிருந்து மொனோசைட் என்ற வெள்ளைக் கலத்தைப் பிரித்து, வெளியில் வைத்துக் கன்டிடாவைக் காட்டினால், ஊசிக்கு முன்பைவிடக் கூடுதலாக ரி.என்.எஃப். விட்டது. பி.சி.ஜி.யின் சுவர்த் துண்டை உணர்வது கலத்துக்குள் இருக்கும் நொட்-2 என்ற வாங்கி. அது உணர்ந்த பிறகு, டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதத்தில் மெதைல் என்ற சிறு வேதி அடையாளம் விழுகிறது. பரம்பரை அலகில் ஒரு எழுத்தும் மாறுவதில்லை. கடைக் கதவை இழுத்துப் பூட்டாமல் பாதி திறந்தே வைத்துவிட்டுப் போன மாதிரி, அடுத்த முறை உடனே திறக்கலாம்.

இதற்கு "பயிற்றப்பட்ட நிர்ப்பீடனம்" என்று 2011இல் பெயர் வைத்தவர்கள் அதே நைமெகனின் மிஹாய் நெட்டேயாவும் கூட்டாளிகளும்.

மதுவக்குட்டி | செவ்வாய், இரவு 9.15

அக்காவோ அண்ணாவோ தெரியாது, கோடி நன்றி. ஒரு சந்தேகம். மொனோசைட் குருதியில இருக்கிறது சில நாள்தானே? ஊசி போட்ட அண்டைக்குப் படிச்ச மொனோசைட் அடுத்த கிழமை செத்துப்போயிடும். பாடம் ஆருக்கு ஞாபகம் இருக்கும்?

என்புமச்சை | செவ்வாய், இரவு 9.48

அக்காதான். என் பெயரைப் பாருங்கள், விடை அதிலேயே இருக்கிறது. :)

2018இல் எலியில் காட்டினார்கள்: நாளத்தில் ஏற்றிய பி.சி.ஜி. என்பு மச்சைக்கு (எலும்பு மஜ்ஜைக்கு) போகிறது. அங்கேயுள்ள தாய்க் கலங்கள் மாறுகின்றன, அவற்றிலிருந்து பிறந்து வருவதெல்லாம் பயிற்சி பெற்றே பிறக்கின்றன. ஆனால் தோலுக்குக் கீழே போட்ட எலியில் இது நடக்கவில்லை. உங்கள் செமினாரில் ஒரு ஸ்லைட் முழுக்க இதற்கு ஒதுக்குங்கள். நமக்குப் போடுவது தோலுக்குள், அதுவும் பச்சைப் பிள்ளைக்கு 0.05 மில்லிலீற்றர். எலிக்கு நாளத்தில். எலியில் கிடைத்ததைத் தூக்கி மனிதனில் வைப்பவர்கள் இந்த இடத்தைத்தான் தாண்டிக் குதிக்கிறார்கள்.

கொட்டாஞ்சேனை அம்மா | புதன், காலை 10.10

எல்லாருக்கும் வணக்கம். இங்க பெரிய பெரிய விஷயம் பேசுறீங்க, நான் நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். என் மகளுக்கு இப்ப ஏழு மாசம். பி.சி.ஜி. தழும்பு வரவே இல்லை. போன மாசம் வாய் உள்ள, நாக்கு மேலயெல்லாம் வெள்ளை வெள்ளையா பூத்திருந்துச்சு, துடைச்சாலும் போகல. டாக்டர் கன்டிடான்னு சொல்லி சொட்டு மருந்து குடுத்தாங்க. இப்ப இதை வாசிச்சதும் பயமாயிருக்கு. ஊசி பிடிக்காததாலதான் பங்கசு வந்துச்சா?

நெறியாளர் | புதன், காலை 10.25

சகோதரி, பிள்ளையின் விஷயத்துக்குக் கிளினிக் கொப்பியோடு உங்கள் மிட்வைஃபிடம் போங்கள். இங்கு எவரும் மருந்து சொல்ல வேண்டாம். கருஞ்சீரக எண்ணெய் விளம்பரம் போட்டவரின் பதிவை எடுத்துவிட்டேன், திரும்பப் போட்டால் கணக்கையும் எடுப்பேன்.

என்புமச்சை | புதன், நண்பகல் 12.40

அம்மா, பயப்படாதீர்கள். இரண்டையும் முடிச்சுப் போட வேண்டியதில்லை. கைக்குழந்தைக்கு வாயில் வெள்ளை பூப்பது சர்வசாதாரணம், தழும்பு உள்ள பிள்ளைக்கும் வரும்.

மதுவக்குட்டிக்கும் இது உதவும். கன்டிடாவுக்கு உடம்பில் இரண்டு காவல். வாய், தொண்டை, பெண்ணுறுப்பு ஆகிய ஈரத்தோல்களைக் காப்பது ரி கலத்தில் ஒரு வகையும் அது விடும் இன்டர்லூக்கின்-17உம். குருதியையும் சிறுநீரகத்தையும் காப்பது நடுநாடிக் குழியங்கள் (நியூட்ரோபில்) என்ற வெள்ளைக் கலங்களும் பெருந்தின்குழியங்களும். எச்.ஐ.வி.யால் ரி கலம் குறைந்தவருக்கு வாயெல்லாம் வெள்ளை பூக்கும், ஆனால் குருதியில் கன்டிடா வருவது அரிது. புற்றுநோய் மருந்தால் நடுநாடிக் குழியம் விழுந்தவருக்குக் குருதியிலேயே வரும். ரி கலம் முதிரும் தைமசுச் சுரப்பி இல்லாமல் பிறக்கும் மொட்டை எலி, நாளத்தில் ஏற்றிய கன்டிடாவைச் சாதாரண எலிக்குச் சமமாகவோ அதைவிட நன்றாகவோ தாங்கியது என்று 1976இலேயே கண்டிருக்கிறார்கள். அன்றைக்கு அது புதிர், இன்றைக்கு இல்லை. பி.சி.ஜி. எலிகளில் சோதித்தது இரண்டாவது காவலை. வாய் வெண்மைக்கு அதிலிருந்து எதுவும் சொல்ல முடியாது.

தழும்பு இல்லாவிட்டால் ஆறு மாதத்துக்குப் பிறகு, ஐந்து வயதுக்குள், திரும்பப் போடுவது இங்குள்ள நடைமுறை. மிட்வைஃப் சொல்லுவார்.

மாடும் எலியும் | புதன், மாலை 4.05

மிருக வைத்தியர் ஒருவன் மூக்கை நுழைக்கலாமா? பேராதனையில் படித்து இப்போது தெகிவளையில் நாய் பூனை பார்க்கிறேன், ஒரு காலத்தில் எலிக்கூடும் பார்த்தவன்.

எல்லாரும் "எலி, எலி" என்கிறீர்கள். எந்த எலி? ஏ.ஜே., டி.பி.ஏ.-2 வகை எலிகளுக்குப் பிறவியிலேயே குருதியில் கிருமியைத் தாக்க உதவும் சி-5 என்ற நிரப்பிப் புரதம் இல்லை. கன்டிடாவில் அவை சீக்கிரம் சாகும். சி-57 கறுப்பு எலி நன்றாகத் தாங்கும். ஒரே அளவு கன்டிடா, ஒரே ஊசி, எலியை மாற்றினால் முடிவு தலைகீழ். இரண்டு ஆய்வு முரண்படுகிறதா, முதலில் எலியின் சாதியைப் பாருங்கள்.

இன்னொன்று, ஆய்வுகூட எலிக்குக் கன்டிடா இயல்பான விருந்தாளி இல்லை. நம் குடலில் அது சின்ன வயதிலிருந்தே குடியிருக்கிறது. 1986இல் இத்தாலியின் பெருஜியாவில் வீரியம் குறைந்த கன்டிடாவை முதலில் ஏற்றிய எலிகள் பிறகு கொல்லும் கன்டிடாவையும் தாங்கின, பெருந்தின்குழியத்தால். அப்படியென்றால் நாமெல்லாம் ஏற்கெனவே நம் வீட்டுக் கன்டிடாவிடம் டியூஷன் எடுத்தவர்கள். புத்தம்புது எலியில் பி.சி.ஜி. காட்டும் வித்தியாசம் நம்மில் அவ்வளவு தெரியாமல் போகலாம். இது என் ஊகம்தான், ஆய்வு என்று செமினாரில் சொல்லி மாட்டிக்கொள்ள வேண்டாம்.

குக்கல் (கக்குவான் இருமல்) தடுப்பூசியையும் விடாதீர்கள். முழுக் கலக் குக்கல் ஊசி எலியை ஹிஸ்டமினுக்கு அளவு கடந்து நொய்யாக்கும் என்று 1948இலிருந்தே தெரியும். அதே ஊசியைக் கிரிப்டோகொக்கசு என்ற பங்கசுக்கான தடுப்புமருந்தோடு சேர்த்தபோது எலியின் எதிர்ப்புக் கூடியதாக 1966இல் ஒரு வேலை. ஒரே ஊசி ஒரு பக்கம் கெடுக்கிறது, மறுபக்கம் காக்கிறது.

வெள்ளவத்தைக் கடற்காத்து | புதன், மாலை 6.30

அப்ப செத்த பற்றீரியாவும் வேலை செய்யுமோ? உயிரோட இருக்க வேணுமெண்டு இல்லையோ?

மாடும் எலியும் | புதன், மாலை 6.52

செய்யும், ஆனால் எப்போது கொடுத்தோம் என்பதுதான் பிரச்சினை. என்டொரொக்சினை ஒரு நாள் முந்திக் கொடுத்தால் எலி அடுத்து வரும் கிருமியைத் தாங்குவதைக் காணலாம். கிருமியோடு சேர்த்தே கொடுத்தால் இன்னும் சீக்கிரம் சாகும். உயிருள்ள பி.சி.ஜி. மண்ணீரலில் மாதக்கணக்காகக் குடியிருந்து மெல்ல மெல்ல உசுப்பும். செத்தது ஒருமுறை கத்திவிட்டு ஓயும்.

பழைய மைக்ரோஸ்கோப் | புதன், இரவு 8.40

பிள்ளைகளே, ஒரு உண்மையைச் சொல்லுறன். ஆரும் பேர் கேட்கக் கூடாது, எந்த இடமெண்டும் கேட்கக் கூடாது.

நான் இளம் ஆளாயிருக்கேக்க ஒரு இடத்தில இந்த மாதிரி ஒரு பரிசோதனை நடந்தது. தடுப்பூசி போட்ட எலி பத்து, போடாதது பத்து. எல்லாத்துக்கும் வால் நாளத்தில கன்டிடா. எலி வாலைக் கண்டிருப்பீங்கள், ரெண்டு பக்கமும் நூல் மாதிரி நாளம். முதல்ல எலியை விளக்குக்குக் கீழ வைச்சுச் சூடாக்க வேணும், அப்பதான் நாளம் விரியும். பிறகு குழாய்க்குள்ள விட்டு, வாலை இழுத்துப் பிடிச்சு, மெல்லிய ஊசியைக் கிட்டத்தட்டப் படுக்கையாகவே உள்ளுக்கு விடுறது. நாளத்துக்குள்ள போனா மருந்து வழுக்கிக்கொண்டு போகும், நாளம் ஒரு கணம் வெளுக்கும். தவறினா தள்ளத் தள்ளப் போகாது, வாலில வெள்ளையா ஒரு கொப்புளம் எழும்பும்.

முதல் பத்தையும் கைதேர்ந்த ஒருத்தர் போட்டார். அது தடுப்பூசி போடாத கூட்டம். மத்தியானம் அவர் சாப்பிடப் போக, மற்றப் பத்தையும் நான் போட்டன். விளக்கு பியூஸ் போயிருந்தது, சூடாக்கேல்ல. ஆறோ ஏழோ கொப்புளம். வெட்கத்தில வாயைத் திறக்கேல்ல. பத்து நாளில முதல் கூட்டம் கிட்டத்தட்ட முடிஞ்சுது, என்ர கூட்டம் கூட்டுக்குள்ள ஓடி விளையாடுது. தடுப்பூசி வேலை செய்யுதெண்டு எல்லாருக்கும் சந்தோசம், ஒருத்தர் கேக்கும் வாங்கினவர்.

மற்ற நாள் சிறுநீரகத்தை எடுத்து அரைச்சு, பங்கசு வளர்க்கிற சபூரோ ஏகாரில பூசினன். கன்டிடா ரத்தத்தில போன எலியின்ர சிறுநீரகத்தில வெள்ளைப் புள்ளி புள்ளியாக் கண்ணுக்கே தெரியும். தட்டில மறுநாள் பட்டர் நிறத்தில குவியலாக் காய்க்கும், மூடியைத் திறந்தா பாண் பேக்கரி வாசம். என்ர எலிகளில கனக்க ஒண்டுமே இல்லை. தடுப்பூசி பங்கசைச் சாகடிச்சிருந்தா கொஞ்சமாவது மிச்சம் இருக்க வேணும். சிறுநீரகத்துக்குக் கன்டிடா வந்து சேரவே இல்லை. வாலிலயே நிண்டுட்டுது. அண்டைக்குப் பின்னேரம் போய்ச் சொன்னன். ஏச்சு விழுந்தது. கேக் காசும் கேட்டாங்கள்.

தங்கச்சி, ஆய்வுக் கட்டுரையில "உயிர் பிழைச்ச வீதம்" எண்ட வரைபடத்தை மட்டும் பாராதேயும். சிறுநீரகத்தில எவ்வளவு பங்கசு எண்டு எண்ணியிருக்கினமோ, ஆர் எந்தக் கூட்டம் எண்டு தெரியாமல் ஏத்தினவையோ, அதைப் பாரும். இப்ப சாகும் வரைக்கும் விடுறதும் இல்லை, எலி நிறை ஐந்தில ஒரு பங்கு குறைஞ்சா வலியில்லாமல் முடிச்சுவிடுறது.

மதுவக்குட்டி | புதன், இரவு 9.30

அங்கிள், நான் சிரிச்ச சத்தத்தில அறைத்தோழி எழும்பிட்டாள். இதை செமினாரில சொல்லலாமா?

பழைய மைக்ரோஸ்கோப் | புதன், இரவு 9.33

சொல்லும். "ஒருத்தர்" எண்டு சொல்லும்.

வெள்ளவத்தைக் கடற்காத்து | புதன், இரவு 10.20

கடைசியா ஒண்டு, பிறகு தொல்லை தரமாட்டன். கொரோனா நேரம் "எங்களுக்கு பி.சி.ஜி. இருக்கு, ஒண்டும் செய்யாது" எண்டு வாட்சப்பில எத்தனை பேர் அனுப்பினவை. அதுவும் இந்த எலிக் கதையில இருந்து வந்ததுதானே?

என்புமச்சை | புதன், இரவு 11.05

வேர் அதுதான். பிறகு முறையாகச் சோதித்தார்கள். அவுஸ்திரேலியாவில் தொடங்கி, பிரேசில் உட்பட ஐந்து நாடுகளில், ஏறத்தாழ 4000 சுகாதார ஊழியர்களில் நடந்த பிரேஸ் ஆய்வு 2023இல் வெளியானது. பி.சி.ஜி.யால் கொவிட் குறையவில்லை. ஆய்வுகூடத்தில் மொனோசைட் கூடச் சத்தம் போடுவது ஒன்று, ஆள் நோயில் விழாமல் இருப்பது வேறொன்று.

எலியில் மட்டும் கதை ஓடிக்கொண்டே இருக்கிறது. அதே 2023இல் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகக் குழு புரதமே இல்லாத ஒரு தடுப்பு மருந்து செய்தது: அலுமினியம் ஹைட்ரொக்சைட், பற்றீரியாச் சுவரின் கொழுப்பு ஒன்று, பங்கசுச் சுவரின் மன்னான் என்ற சர்க்கரைப் பொருள். ஒரே ஊசியில் 24 மணி நேரத்துக்குள் எலிகளில் பாதுகாப்புத் தொடங்கி 28 நாள் வரை நின்றது. கன்டிடாவுக்கும், மருந்துக்கு அடங்காத ஆஸ்பத்திரிப் பற்றீரியாக்களுக்கும். நோக்கம் ஆயுள் பாதுகாப்பு இல்லை, சத்திர சிகிச்சைக்குப் போகிறவரை அந்தச் சில கிழமை காப்பது. மனிதருக்கென்று அனுமதி பெற்ற பங்கசுத் தடுப்பூசி ஒன்றுகூட இன்னும் கிடையாது.

மதுவக்குட்டி | வியாழன், மாலை 3.50

முடிஞ்சுது! ஸ்கிட் எலியும் என்பு மச்சையும் வரைக்கும் நல்லாப் போச்சு. கொப்புளக் கதைக்கு வகுப்பே சிரிச்சுது, மேடமும். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டா: "அந்த ஒருத்தர் போட்ட கூட்டத்தில வாலை எடுத்துப் பூசிப் பார்த்தவரா?" நான் முழிச்சன். அங்கிள்?

பழைய மைக்ரோஸ்கோப் | வியாழன், மாலை 4.15

இல்லைப் பிள்ளை. பார்க்கேல்ல. உங்கட மேடம் அப்ப அங்க இருந்திருக்க வேணும்.

கொட்டாஞ்சேனை அம்மா | வெள்ளி, நண்பகல் 12.05

காலைல கிளினிக் போயிட்டு வந்தேன். மிட்வைஃப் பிள்ளையோட சட்டையைக் கழட்டி ஒரு நிமிஷம் பார்த்தாங்க, இடது தோள்ல சின்னதா, அரிசி மாதிரி தழும்பு இருக்கு. நான் இத்தனை மாசமா வலது கையில தேடியிருக்கேன்.